வெறுந்தலையும் வலது கண்ணும்

என் முகத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது வலது கண்ணில் படர்ந்திருக்கும் சதையைத்தான். மூக்கை ஒட்டிய மூலையில் தொடங்கிக் கருவிழியை நோக்கிக் கூராகப் போகும். ஈசல் உதிர்த்த சிறகை ஈரத்தோடு ஒட்டிவைத்ததுபோல இருக்கும். சிறகின் நரம்புகள் மட்டும் சிவப்பு. பேச வந்தவர்கள் பாதிப் பேச்சில் அந்தச் சதையைப் பார்த்து நின்றுவிடுவார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆட்களை நேராகப் பார்த்துப் பேசக் கூச்சம். இந்தக் கண் வந்த பிறகு அதுவே ஒரு வசதியாகிவிட்டது. நான் தலையைக் குனிந்தால் கண் வலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் சர்வே வேலையில் சங்கிலி ஆளாக, நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடிப்பவனாக, இருந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எண் படிப்பேன், தமிழும் கொஞ்சம் தெலுங்கும் எழுத்துக் கூட்டுவேன் என்பதால் மண் வேலையிலிருந்து எடுத்துக் கையில் கொடிக்கம்பைக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் பிச்சாட்டூருக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவே. நிலமில்லாத வீடு. ஊர் நிலத்தையெல்லாம் அளக்கிறவனுக்குக் கால் வைக்க ஒரு துண்டு நிலமில்லை என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அப்போது எங்கள் பக்கம் எல்லை தீராமல் கிடந்தது. மதராஸிலிருந்து ஆந்திரா பிரிந்த பிறகு, எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம் என்று பேச்சு நடந்துகொண்டே இருந்தது. பேச்சு எங்கோ நடந்தது. நாங்கள் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கரட்டிலும் நடந்தோம். அளந்தோம், கல் நட்டோம், கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். போகிற ஊரிலெல்லாம் என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கொடி என் கையில் இருந்தது, அதனால்.

"இன்னாப்பா, நாங்க எந்தப் பக்கம்? சொல்லிட்டுப் போ. புள்ளய தமிழ் பள்ளிக்கூடத்துல போடறதா, தெலுங்குல போடறதா?" என்று ஒரு பெரியம்மா வழி மறித்துக் கேட்டாள்.

நான் கொடிக்கம்பைத் தோள் மாற்றிக்கொண்டேன். என்னோடு சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்கும் கூட்டாளி, நகரிப் பக்கத்து ஆள், பதில் சொன்னான்: "அது கல்லுக்குத்தான் தெரியும் பெரியம்மா. கல்லாண்ட கேளு. அதுக்கு ரெண்டு பாஷையும் வரும்."

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் என் கண் கெட்ட கதையும் தெரியாது.

சர்வேயர் ஐயா முக்காலி ஒன்றின் மேல் தூரக்கண்ணாடியை வைத்து, அதில் ஒரு கண்ணை ஒட்டிக்கொண்டு நிற்பார். நாங்கள் அதைக் கண்ணாடி என்றுதான் சொல்வோம். நான் கொடிக்கம்போடு வெகுதூரம் போய், கம்பை நேராக நிறுத்தி, அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வலது கையைத் தூக்கினால் அந்தப் பக்கம் நகர வேண்டும். இடது கையைத் தூக்கினால் இந்தப் பக்கம். இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே போட்டால் அந்த இடம்தான், கல் நடலாம். அவ்வளவு தூரத்தில் ஆளே ஒரு குச்சிபோலத்தான் தெரிவார். குச்சியின் கை எது என்று பார்க்கக் கண் இமைக்காமல் நிற்க வேண்டும்.

கண்ணாடிக்குள் வெயில் விழக்கூடாது. அதனால் ஐயா எப்போதும் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். அவருக்கு முதுகில் வெயில் என்றால் எனக்கு முகத்தில் வெயில். காலையில் நான் மேற்கே நின்று கிழக்கைப் பார்ப்பேன். சாயங்காலம் கிழக்கே நின்று மேற்கைப் பார்ப்பேன். சூரியன் எங்கே நின்றதோ அங்கேதான் என் அதிகாரியும் நின்றார்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எங்கள் தெரு ஆண்கள் பெரிய மனிதர் எதிரே தலையில் துண்டோடு நிற்பதில்லை. என் நைனா, ரெட்டி வீட்டு வண்டிச் சத்தம் கேட்டாலே தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். யாரும் கட்டளை போட்டு நான் கேட்டதில்லை. கை தானாகப் போகும். நான் வேலைக்கு வந்தபோது இருந்த மேஸ்திரியும் அந்தப் பழக்கத்தோடு வந்தவர். அவர் அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போயிருந்தார்.

"ஐயா தூரத்துல கீறாருன்னு நெனச்சிக்காத. கண்ணாடி போட்டுக்கினாருன்னா நீ அவரு மூக்காண்ட நிக்கற. அப்ப தலயில துண்டு இருக்கலாமா?"

நியாயமாகத்தான் பட்டது. ஆக, அரை மைல் தள்ளி நின்றாலும் கண்ணாடி என் பக்கம் திரும்பியதும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வேன். எங்கள் குழுவில் எல்லோருமே அப்படித்தான். வெயில் கொளுத்தும் கரட்டில், தன்னந்தனியாக, சுற்றிலும் ஒரு காக்கைகூட இல்லாத இடத்தில், சுண்ணாம்பு அடித்த கல்லுக்குப் பக்கத்தில் வெறுந்தலையோடு மரியாதையாக நிற்போம். வருஷக்கணக்கில் நின்றோம்.

கண் முதலில் சிவந்தது. பிறகு மணல் விழுந்ததுபோல உறுத்தியது. காலையில் நன்றாக இருக்கும்; வேலை முடிந்து திரும்பும்போது தண்ணீர் வடியும். எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: சூடு. உடம்புச் சூடு கண்ணில் ஏறியிருக்கிறது. விளக்கெண்ணெய் வைத்தேன். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் முழுக்கு. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றினேன். என் மனைவி மோரில் வெந்தயம் ஊறப்போட்டுக் கொடுத்தாள். குடிக்கிறபோது வயிறு குளிர்ந்தது. கண் தன் போக்கில் போனது. மூலையில் இருந்த சதை கொஞ்சம் கொஞ்சமாகக் கருவிழியை நோக்கி வந்தது. அது வரவர, தூரத்தில் நிற்கும் ஆள் ஓரங்களில் கரைந்ததுபோலத் தெரிந்தார்.

பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில் வேலை நடந்த நாளில்தான் என் பார்வை மங்கியது மற்றவர்களுக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வெள்ளைக் கல் அடுக்கிய சரிவு. தண்ணீரிலிருந்து வெயில் மேலே எழும்பி முகத்தில் அடித்தது. ஐயா கை தூக்கினார். இரண்டு கையும் குறுக்கே போனதாகத்தான் எனக்குப் பட்டது. கல்லை நட்டுவிட்டோம். அவர் காட்டியது வலது கை. அந்தக் கல்லை வைத்து அளந்ததெல்லாம் தப்பாகி, மறுநாள் முழுக்கத் திரும்ப அளந்தோம்.

ஐயா கத்துகிற மனிதர் இல்லை. களைத்துப்போன குரலில் சொன்னார்: "கை காட்டறது தெரியலன்னா, உன்ன வெச்சுக்கிட்டு நான் என்னப்பா செய்ய? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் போட்டுடுவேன். வருத்தப்படாத."

வருத்தப்படாதே என்றதுதான் பயமாக இருந்தது. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று வந்தது என் ஒருவன் காலத்தில்தான். கண் போனால் அதுவும் போகும். கண் தெரியாத கூலிக்காரனுக்கு மண் வேலையும் கிடையாது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தாள். "தல சூடு எறங்கணும்னா முடி எறக்கணும். நானு மலைக்கு வேண்டிக்கினேன். கெளம்பு" என்றாள்.

திருப்பதிக்குப் போய் மலை ஏறினோம். முடி கொடுத்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியபோது உண்மையாகவே குளிர்ந்தது. கண்ணும் குளிர்ந்ததுபோல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மண்டபத் தூணில் சாய்ந்திருந்தேன். இறங்கி வந்து திருச்சானூருக்கும் போய்த் தாயாரைச் சேவித்தோம். கோயில் எதிரே ஒரு கடையில் வளையல், குங்குமச் சிமிழ்களோடு நிறக் கண்ணாடிகளும் தொங்கின. அவள் ஒரு பச்சைக் கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டிப் பார்த்தாள்.

"எப்டி கீது?"

"மழ வர்றாப்ல கீது."

"அப்ப போட்டுக்க."

அதை மாட்டிக்கொண்டால் உலகம் வாழைத்தோப்புக்குள் இருப்பதுபோலத் தெரிந்தது. கண்ணைச் சுருக்க வேண்டிய அவசியம் இல்லை. விரியத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். கூச்சம் காரணமாக ஊருக்கு வெளியே போன பிறகுதான் மாட்டுவேன். முகாம் தெரிந்ததும் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன்.

வேலைக்குத் திரும்பிய அன்று கூட்டாளி என் தலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "மச்சான், இனிமே ஒனக்குக் கொடி வேணாம். நீ சும்மா நில்லு. மின்னறத பாத்தே ஐயா அளந்துக்குவாரு."

இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. தலையில் இருந்த முடியின் சின்ன நிழலையும் மலையில் கொடுத்துவிட்டு, மொட்டைத் தலையோடு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சூரியனைப் பார்த்து நின்றிருக்கிறேன். கண்ணுக்கு வைத்தியம் செய்துகொள்வதாக எண்ணிக்கொண்டு.

முடி வளர்ந்தது. சதையும் வளர்ந்தது. சித்தூரில் கண் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் வந்திருக்கிறார் என்று யாரோ சொல்ல, மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் தனியாகப் போனால் வாசல்வரை போய்த் திரும்பிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். வேலூர்ப் பக்கத்துப் பேச்சு. இமையைத் தூக்கி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். இடது கண்ணையும் பார்த்தார். அதிலும் மூலையில் சின்னதாக ஆரம்பித்திருக்கிறது என்றார்.

"வெயில்ல வேலையா?"

நான் தலையசைத்தேன்.

"சூடுதானுங்களாம்மா?" என்றாள் மனைவி.

"சூடு இல்லம்மா. சூடுன்னா அடுப்படியில இருக்கற உனக்குத்தான் முதல்ல வரணும். இது வெளிச்சம். வெயில்ல நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கு. ஊதா நிறத்துக்கும் அந்தப் பக்கம். அது சுடறது தெரியாது, கூசறதும் தெரியாது. தினம் தினம் பட்டுப்பட்டுக் கண்ணு மேல்தோல் கெட்டுப்போய் இப்படிச் சதை வெக்கும். உள்ளே புரையும் சீக்கிரமா விழும்."

"மோடம் போட்ட அன்னிக்கு நல்லா கீதுன்னு சொல்லுவாரு."

"நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கும். மேகத்தைத் தாண்டியும் அது வரும். மேலேருந்து மட்டுமில்ல, தண்ணி, மணல், சுண்ணாம்பு எல்லாத்துலயும் பட்டுக் கீழேருந்தும் வரும்."

என் மனைவி மடியிலிருந்து பச்சைக் கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தாள். பெருமையோடுதான் வைத்தாள். டாக்டரம்மா அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இது சாயக் கண்ணாடி. வெளிச்சத்த மங்க வெக்கும், அவ்வளவுதான். அந்தக் கதிர இது தடுக்கும்னு நம்ப முடியாது. இருட்டா இருக்குன்னு கண்ணு நடுவுல இருக்கற பாப்பா நல்லா விரிஞ்சுக்கும். நீங்களும் கண்ணைச் சுருக்க மாட்டீங்க. முன்னைவிட அதிகமா உள்ளே போகும். போடறதானா அந்தக் கதிரைத் தடுக்கறதுக்குன்னே செஞ்ச கண்ணாடி போடணும். பக்கவாட்டுலயும் மூடியிருக்கணும்."

மனைவி கண்ணாடியைத் திரும்ப எடுக்கவில்லை. அது மேசையிலேயே கிடந்தது.

"வேலை செய்யறப்ப தலையில என்ன கட்டிக்குவீங்க?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

நான் மேசை விளிம்பைப் பார்த்தேன்.

"ஒண்ணும் கட்ட மாட்டாருங்க" என்றாள் மனைவி. "ஐயா எதிர்ல நிக்கணுமில்ல."

"எந்த ஐயா?"

"கண்ணாடி வெச்சிக்கினு பாக்கறாரே, அவரு."

"அவர் எவ்வளவு தூரத்துல நிக்கறார்?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"இதை அறுத்து எடுத்துடலாம். பெரிய காரியமில்ல. ஆனா நீங்க திரும்பிப் போய் அதே மாதிரி வெறுந்தலையோட நின்னா மறுபடி வளரும். முன்னைவிட வேகமா வளரும். வெயிலுக்கு மறைப்பு இல்லாம நான் கத்திய எடுத்துப் பிரயோஜனமில்ல. துண்டக் கட்டுங்க. நெத்திக்கு முன்னால நாலு விரல் நீட்டிக்கிட்டு நிழல் விழணும். ஓலைத் தொப்பி இருந்தா இன்னும் நல்லது. பத்து மணிக்கு மேல மூணு மணி வரைக்கும்தான் மோசம். அப்ப முடிஞ்சவரை நிழல்ல இருங்க. அதைப் பழகிக்கிட்டு வாங்க. அப்புறம் அறுக்கலாம்."

இது மருந்தாக இருந்திருந்தால் எவ்வளவு கசந்தாலும் குடித்திருப்பேன். தலையில் துண்டு கட்டுவதுதான் மருந்து என்றார்; அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

துண்டு கட்டிக்கொண்டு முகாமிலிருந்து புறப்படுவேன். நிற்க வேண்டிய இடத்துக்கு வந்து கம்பை ஊன்றித் திரும்புவேன். கண்ணாடி என்னை நோக்கி இருக்கும். கை தலைக்குப் போய்விடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் கேட்பாள்:

"கட்னியா?"

"நடக்கறப்ப கட்னேன்."

"சூரியன் நீ நடக்கறப்பதான் பாக்குதா? நிக்கறப்ப கண்ண மூடிக்கிதா?"

கூட்டாளியிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் கண்ணிலும் மூலையில் மஞ்சளாக ஒரு மேடு தட்டியிருந்தது. டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீ கட்னா நானும் கட்றன். நீ மொதல்ல கட்டு" என்றான். "ஆனா மச்சான், ஐயா கழட்டச் சொன்னா நான் மொதல்ல கழட்டிடுவன். இப்பவே சொல்லிட்டன்."

ஒரு நாள் இடது கண்ணும் சேர்ந்து உறுத்தியது. முதல் முறையாக இரண்டு கண்ணிலும் ஒன்றாகத் தண்ணீர் வடிந்தது. அன்று துண்டை அவிழ்க்கவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். கையைத் தூக்கவே அலுப்பாக இருந்தது. முன்பக்கத்தை நன்றாக மடித்து நெற்றிக்கு வெளியே நீட்டி விட்டிருந்தேன். அதன் நிழலுக்குள்ளிருந்து பார்த்தபோது ஐயாவின் கை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கல் நட்டோம். அடுத்த இடம். மறுபடியும் நட்டோம். பிறகு ஐயா கண்ணாடியை விட்டுவிட்டு வரப்பின்மேல் நடந்து வர ஆரம்பித்தார்.

கூட்டாளி முணுமுணுத்தான். "வராரு. தோ, கழட்டிட்டன்." உண்மையாகவே கழற்றிவிட்டிருந்தான்.

நான் கம்பைப் பிடித்தபடி நின்றேன். ஐயா வந்து நின்றார். நட்ட கல்லைக் குனிந்து பார்த்தார். கல் சாய்ந்திருக்கிறது, மண்ணை இன்னும் இடிக்க வேண்டும் என்றார். திரும்பிப் போகப் புறப்பட்டவர் என் கண்ணைப் பார்த்து நின்றார்.

"என்னப்பா இது, இவ்வளவு வந்திருக்கு?"

துண்டைக் கழற்றாமல் நிற்கிறோமே என்ற பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். டாக்டரம்மா, கதிர், துண்டு, கண்ணாடி. என் வாழ்நாளில் ஒரு அதிகாரியிடம் அவ்வளவு பேசியதில்லை. முடிவில், "கண்ணாடியில பாக்கறப்ப தலயில துண்டோட நிக்கறது தப்புதானுங்க" என்றேன்.

அவர் திரும்பி முக்காலி நின்ற பக்கம் பார்த்தார்.

"கண்ணாடியில உன் தலையா?" என்றார். "அதுல எல்லாம் தலைகீழாத்தான்யா தெரியும். ஆகாசம் கீழே, நிலம் மேலே. நான் பாக்கறது கொடிக்கம்போட அடிமுனைய மட்டும். நீ தலையில துண்டு கட்டினியா, பானைய வெச்சிருந்தியா, எனக்கு எப்படித் தெரியும்?"

கூட்டாளி பின்னாலிருந்து மெல்லச் சொன்னான்: "தலகீழா நிக்கறோமா? அப்ப கட்னாலும் கீழ உயுந்துடும் மச்சான்."

ஐயா சிரித்தார். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் தலையில் துரைமார் போடுகிற பெரிய சோலாத் தொப்பி. கண்ணில் நல்ல கண்ணாடி. கழற்றி முகம் துடைத்தபோது அவர் கண்களைப் பார்த்தேன். எங்களைவிட அதிக வருஷம் வெயிலில் நின்றவர். இரண்டு கண்ணும் ஒரு சிவப்புகூட இல்லாமல் முட்டையின் வெள்ளைபோலச் சுத்தமாக இருந்தன.

அன்றிலிருந்து துண்டு கட்டினோம். சித்தூருக்குப் போய் வலது கண்ணில் அறுத்துக்கொண்டேன். கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த நாட்களில் மனைவி சோறு பிசைந்து கையில் உருட்டி வைப்பாள்; துன்னு, தூங்கு என்பதைத் தவிர வேறு பேச மாட்டாள். கட்டு அவிழ்த்தபோது கண் சுத்தமாக இருந்தது. ஐயா எனக்காகக் கொஞ்ச நாள் நிழல் வேலை கொடுத்தார்.

பிறகு எல்லை தீர்ந்தது. திருத்தணிப் பக்கம் மதராஸுக்குப் போயிற்று. எங்கள் பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. ஐயா மதராஸுக்கு மாற்றலாகிப் போனார். விடுபட்ட கற்களை நட்டு முடிக்க வேறொரு சர்வேயர் வந்தார். தெலுங்கு மட்டும் பேசுவார். வயது குறைவு.

முதல் நாள் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். என் தலையைப் பார்த்தார்.

"தலகுட்ட தீசெய்" என்றார். தலைத்துண்டை எடுத்துவிடு.

பக்கத்தில் கூட்டாளியின் தலையில் துண்டு இல்லை. அவர் ஜீப் வந்து நின்றபோதே எடுத்துவிட்டிருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். முன்பே சொல்லித்தான் இருந்தான்.

என் கை பாதி தூரம் போயிற்று. டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தது இடது கண். அறுத்த வலது கண்ணின் மூலையில், கட்டு அவிழ்த்துச் சில மாதங்களிலேயே, நூல்போல ஒரு சிவப்பு மறுபடி தலைகாட்டியிருந்தது. இடது கண்தான் பாக்கி. கையை இறக்கிக்கொண்டேன்.

"கன்னு பாகலேது சாரு" என்றேன். கண் சரியில்லை என்று அந்த ஒரு வாக்கியம்தான் வந்தது.

அவருக்கு அது எதிர்ப்பேச்சாகப் பட்டிருக்க வேண்டும். கொடிக்கம்பை என் கையிலிருந்து வாங்கிக் கூட்டாளியிடம் கொடுத்தார்.

"அயிதே ராள்ளு மொய்யி" என்றார். அப்படியானால் கல் தூக்கு.

கொடியிலிருந்து கல்லுக்கு வருவது இறங்கி வருவதுதான். கொடி பிடிக்கிறவன் எழுதப் படிக்கத் தெரிந்தவன். கல் சுமக்கிறவன் கழுத்து உள்ளவன், அவ்வளவே. வண்டியில் வந்து இறங்கும் எல்லைக் கல்லைத் தலையில் வைத்து, வண்டி போகாத இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். இந்த வயதில் அதைத் தொடங்கினேன்.

முதல் கல்லை நான்கு பேர் தூக்கி ஏற்றும்போதுதான் எனக்குத் தெரிந்தது. கல் சுமக்கிறவன் தலையில் சும்மாடு இல்லாமல் சுமக்க முடியாது. துண்டைச் சுருட்டி வைக்கலாம். அதற்கு மேல் சாக்கை மடித்துப் போடலாம். முன்பக்கத்தைப் புருவம் வரை இழுத்துவிடலாம். எந்த அதிகாரியும் அதை அவிழ்க்கச் சொல்ல மாட்டான். நான் கண்ணாடிக்கு எதிரே நிற்க வேண்டியதும் இல்லை. தரையைப் பார்த்து நடந்தால் போதும். குனிந்த தலை எனக்குப் புதிதில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி என் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். வீங்கியிருந்தது.

"கொடி பூட்ச்சா?"

"பூட்ச்சி."

"துண்டு?"

"சாயங்காலம் வரைக்கும் தலயிலதான் இருந்துச்சி."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள்.

கூட்டாளி கொடியோடு வெறுந்தலையாக நிற்கிறான். கல்லை இறக்கிவிட்டு மூச்சு வாங்கும்போது அவனைப் பார்ப்பேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சூரியனைப் பார்த்து நிற்பான். சித்தூருக்குப் போய்க் காட்டு என்று சொல்கிறேன். அடுத்த மாசம் என்கிறான். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவனைப் புளியமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போவேன். கண்ணாடிக்காரர் நிழலில் இருக்கும் நேரமாவது அவனும் இருக்கட்டும் என்று.

வலது கண்ணில் சதை மறுபடி வளர்ந்துவிட்டது, இன்னும் வடிகிறது. டாக்டரம்மா இன்னொரு முறை அறுக்கலாம் என்கிறார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இடது கண்ணில் இருந்த புள்ளி இருந்த இடத்திலேயே நிற்கிறது. இதை எழுதுவது அந்தக் கண்ணால்தான். நாளைக்குச் சத்தியவேட்டுச் சாலையில் கல் இறங்குகிறது. விடிந்ததும் போக வேண்டும். சும்மாட்டுச் சாக்கு வேர்வையில் நனைந்து கிடக்கிறது. அதைத் துணி காயப்போடும் கொடியில் போடச் சொல்லியிருக்கிறேன், காலைக்குள் உலர்ந்துவிடும்.